அந்த எண் ஏன் குறைந்தது?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நாலு மணி வாக்கில் கொடுத்த ரத்தம் அது. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்த மூன்றாம் நாள் வேறு. அந்த ஒரு குழாய் ரத்தத்தை நம்பி, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவு என்று, வாழ்நாள் முழுக்க ஊசி போட்டுக்கொள்ளத் தலையாட்டிவிட்டு வந்தேன். அப்போது எனக்கு 52 வயது. இப்போது 55. இடையில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆண்கள் இந்த விஷயத்தை வாய்விட்டுப் பேசுவதில்லை. நானும் இரண்டு வருடம் பேசாமல்தான் இருந்தேன். இதைப் படிக்கிற யாராவது ஒருவருக்கு அந்த இரண்டு வருடம் மிச்சமானால் போதும்.

சோர்வு ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் மாலைப் பொழுது கையைவிட்டுப் போனது. வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால், மடியில் புத்தகம் இருக்க, ஏழரை மணிக்கே தலை சாய்ந்துவிடும். அப்புறம் கைபலம். முந்தைய வருடம் நான் ஒருவனே தூக்கி மேலே வைத்த பெட்டியை இறக்க மகனைக் கூப்பிட வேண்டியிருந்தது. அதற்கப்புறம் எரிச்சல். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவன்மேல் சீறுவேன், ஐந்து நிமிடத்தில் மனசு கிடந்து தவிக்கும். கடைசியாகத்தான் உடலுறவில் நாட்டம் போனதைக் கவனித்தேன். காலையில் கண் விழிக்கும்போது இயல்பாக இருக்கும் விறைப்பு எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். எந்த வருடம் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

வயதானால் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டால் யாரிடமும் போய் எதையும் கேட்க வேண்டியதில்லை.

என் மனைவி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "என் மேல ஏதாவது கோபமாங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப என்னைப் பிடிக்கலையா?" என்றாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. என் உடம்பில் ஏதோ ஒன்று குறைந்துகொண்டிருந்தது. அந்தக் குறையை அவள் தன் குறையாக நினைத்து ஒரு வருடத்துக்கும் மேலாகச் சுமந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடந்ததிலேயே எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்தப் பேச்சுதான். அதற்குப் பிறகு செய்த எந்தப் பரிசோதனையும் அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அடுத்த வாரமே விளம்பரத்தைப் பார்த்து, ஆண்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 218 நானோகிராம் என்று ரிப்போர்ட் வந்தது. சிவப்பு மையில் வட்டம் போட்டு, உங்கள் பிரச்சினைக்கெல்லாம் காரணம் இதுதான், ஊசி போட்டால் மூன்று மாதத்தில் பழைய ஆளாகிவிடுவீர்கள் என்றார்கள். பழைய ஆள் என்ற வார்த்தையைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். முதல் ஊசிக்குத் தேதியும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவிதான் தடுத்தாள். "ஒரே ஒரு டெஸ்ட்டை வச்சா ஆயுசுக்கும் ஊசின்னு முடிவு பண்ணுவாங்க?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு, நாளமில்லாச் சுரப்பிகளுக்கான சிறப்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்கப் போனோம். பெண் மருத்துவர். இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது என்று வாசல்வரை தயங்கினேன். உள்ளே போய் உட்கார்ந்து ரிப்போர்ட்டை நீட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தாங்க சார்?"

டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை என்று விளக்கினார். விடியற்காலையில் ஏறி, மாலையில் இறங்கும். இளம் வயதில் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். வயதாக ஆக மட்டுப்பட்டாலும் இல்லாமல் போவதில்லை. சாப்பாடும் அதை இறக்கும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்த ஆண்களுக்கு அந்த நேரத்தில் சுமார் கால் பங்கு இறங்கியதைக் கண்டிருக்கிறார்கள். காய்ச்சல், அறுவை சிகிச்சை, தூக்கமில்லாத வாரம் என்று உடம்புக்கு நெருக்கடி வந்தாலும் தற்காலிகமாக விழும். மாலை நேரம், சாப்பாடு, காய்ச்சல் என்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போய் நான் ரத்தம் கொடுத்திருக்கிறேன்.

முறை என்னவென்றால், காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், உடம்பு நன்றாக இருக்கும்போது எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் வேறொரு நாள் அதே மாதிரி இன்னொரு தடவை எடுக்க வேண்டும். முடிந்தவரை அதே லேபில் எடுப்பது நல்லது. முடி வளர்வதற்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது எண்ணைத் தவறாகக் காட்டிவிடும்.

மூன்று வாரம் கழித்து, காய்ச்சல் முழுசாகத் தெளிந்த பிறகு எடுத்தேன். 304. பத்து நாள் கழித்து இன்னொன்று. 287.

"அப்ப குறைவுதானே டாக்டர்?" என்றேன். அமெரிக்க சிறுநீரியல் சங்கம் 300-க்குக் கீழே போனால் குறைவு என்று எடுத்துக்கொள்வதை அதற்குள் படித்து வைத்திருந்தேன். அவர், "எல்லைக்கோட்டில இருக்கு. குறைவுன்னே வச்சுக்கலாம். ஆனா ஏன் குறைஞ்சதுன்னு நமக்கு இன்னும் தெரியலையே" என்றார்.

அந்த "ஏன்" எனக்குப் புதுசு. எண் குறைந்தால் ஏற்ற வேண்டியதுதானே என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மேலே மூளையில் ஹைபோதலமஸ், அதற்குக் கீழே பிட்யூட்டரி என்ற சிறிய சுரப்பி, அடியில் விந்தகம். பிட்யூட்டரி எல்ஹெச் என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் விந்தகத்தில் உள்ள லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்ஹெச் ஏறியிருந்தால் கோளாறு விந்தகத்தில். மேலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருக்கிறது, கீழே வேலை நடக்கவில்லை. இரண்டுமே குறைந்திருந்தால், அல்லது ஏற வேண்டிய எல்ஹெச் ஏறாமல் சாதாரணமாகவே இருந்தால், கோளாறு மேலே. ஆகவே எல்ஹெச், பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின், தைராய்டு, ரத்த அணுக்கள், மூன்று மாதச் சர்க்கரை சராசரி எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார். கூடவே எஸ்ஹெச்பிஜி என்ற ஒரு புரதமும். ரத்தத்தில் போகும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களில் ஒட்டிக்கொண்டுதான் போகிறது. ஒட்டாமல் சுதந்திரமாகத் திரிவது மிகச் சிறிய பங்கு. எஸ்ஹெச்பிஜி கூடினாலோ குறைந்தாலோ மொத்த எண் மட்டும் நம்மை ஏமாற்றிவிடும். பொதுவாக வயதாக ஆக இந்தப் புரதம் கூடும். உடல் பருத்தவர்களுக்குக் குறையும்.

எனக்குக் குறைந்திருந்தது. ஒட்டாத டெஸ்டோஸ்டிரோனைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது இயல்பு எல்லைக்குள், அடிமட்டத்தில் நின்றது. எல்ஹெச் சாதாரணம். புரோலாக்டினும் தைராய்டும் சரி. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.3. நீரிழிவு என்று சொல்வதற்கு 6.5 வேண்டும்; நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ரத்த அழுத்தம் 150/94. எடை 91 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், இடுப்புச் சுற்றளவு 108 சென்டிமீட்டர்.

அப்புறம் அவர் என் மனைவியைப் பார்த்து, "சார் குறட்டை விடுவாரா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லி முடிக்க ரொம்ப நேரமானது. குறட்டை நடுவில் திடீரென்று நின்றுபோகுமாம், மூச்சே இருக்காதாம், அவள் தோளைத் தொட்டு உலுக்குவாளாம். இதையெல்லாம் அன்றைக்குத்தான் நான் கேள்விப்பட்டேன். இப்படிப்பட்ட சந்திப்புக்குத் தனியாகப் போகாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான். நம் தூக்கத்தைப் பார்த்தவர்கள் நம் கூடப் படுப்பவர்கள் மட்டும்தானே.

ஒரு ராத்திரி கருவிகளை மாட்டிக்கொண்டு தூங்கியதில், மணிக்கு 27 தடவை மூச்சு நிற்கிறது அல்லது மட்டுப்படுகிறது என்று தெரிந்தது. எட்டு மணி நேரம் படுத்திருந்தேனே தவிர, வருடக்கணக்கில் நான் தூங்கவே இல்லை. தூக்கத்துக்கும் இந்த ஹார்மோனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2011-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. வயதாவதால் மட்டும் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் குறையும் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கை இதனோடு வைத்துப் பார்த்தபோது எனக்கு வயதின் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

வயதின் பங்கு உண்மையில் எவ்வளவு என்பதை நான் தப்பாகத்தான் புரிந்து வைத்திருந்தேன். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல ஆண்களுக்கும் ஒரு நாள் வந்து எல்லாம் நின்றுபோகும் என்று நினைத்தேன். அப்படி எதுவும் கிடையாது. மெதுவான இறக்கம், அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். 40 முதல் 79 வயது வரையுள்ள ஐரோப்பிய ஆண்களை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று, எண்ணும் குறைந்து, அதோடு காலை விறைப்பு இல்லாமை, நாட்டக் குறைவு, விறைப்புக் குறைபாடு என்ற மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் வயது சார்ந்த குறைபாடு என்று எடுத்துக்கொண்டது. அப்படி இருந்தவர்கள் சுமார் 2 சதவீதம் பேர்தான். சோர்வும் எரிச்சலும் மட்டும் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. மனச்சோர்வு, தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, தூக்கம், மது, வருடக்கணக்காகச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை, அபின் வகை வலி மருந்து என்று தேட வேண்டிய இடங்கள் நிறைய.

எனக்கு முக்கியக் காரணம் வயிற்றைச் சுற்றியிருந்த கொழுப்பு. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். அதோடு பருமன் எஸ்ஹெச்பிஜியைக் குறைக்கிறது, மூளையிலிருந்து வரும் உத்தரவையும் மந்தமாக்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை கரைந்து கொழுப்பு இன்னும் கூடும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு கீழே போகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விறைப்புக் குறைபாட்டை முழுக்க ஹார்மோன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டம்தான் இருக்கும்; இதயத்துக்குப் போகிறவை 3 முதல் 4 மில்லிமீட்டர். குழாய்களில் படிவு சேரத் தொடங்கினால் மெல்லிய குழாயில்தான் முதலில் தெரியும். மாரடைப்பு வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே இந்த வழியாக உடம்பு எச்சரித்துவிடுவது உண்டு. எனக்கு அந்த மருத்துவர் முதலில் எழுதிக்கொடுத்தது ஹார்மோன் மருந்தை அல்ல. கொலஸ்டிரால் பரிசோதனையும், இதய மருத்துவருக்கு ஒரு கடிதமும்தான். நல்லவேளை அடைப்பு எதுவும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்டிராலுக்கும் மாத்திரை தொடங்கினார்கள். அந்தச் சிவப்பு வட்டத்தோடு ஊசியை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் இந்த இரண்டும் இன்றைக்கும் கண்டுபிடிக்கப்படாமலே இருந்திருக்கும்.

என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன். முதலில், தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமல் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் மூச்சுக் கருவி. முகமூடியை மாட்டிக்கொண்டு தூங்கிய முதல் ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன், மனைவி தூங்கவில்லை. அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் பயந்துபோய், மூச்சு வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தாளாம். முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. மூக்கு வறண்டது, கன்னத்தில் தழும்பு விழுந்தது. வேறு அளவு முகமூடியும், காற்றை ஈரப்படுத்தும் பகுதியும் மாற்றிய பிறகு பழகிவிட்டது. ஒரு மாதத்தில் மாலைத் தூக்கம் போனது, எரிச்சலும் பாதி குறைந்தது. இதில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: இந்தக் கருவி மட்டுமே டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிவிடும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. மூன்றாம் மாதம் எடுத்த பரிசோதனையில் என் எண்ணும் நகரவில்லை. எண் அப்படியே இருக்க, ஆள் மாறியிருந்தேன். நான் ஹார்மோன் குறைவின் சோர்வு என்று நினைத்ததில் பெரும்பகுதி தூக்கம் கெட்ட சோர்வு என்பது அப்போதுதான் புரிந்தது.

எடை குறைப்புதான் எண்ணை நகர்த்தியது, அதுவும் மெதுவாக. பட்டினி கிடக்கவில்லை. கடுமையாகப் பட்டினி கிடந்தால் உடம்பு அதையும் ஒரு நெருக்கடியாக எடுத்துக்கொண்டு இந்த ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும் என்று எச்சரித்திருந்தார்கள். ஒவ்வொரு வேளையும் தட்டில் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினேன், ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் தள்ளினேன், வாரக் கடைசி மதுவை முழுசாக நிறுத்தினேன். தினமும் நடை. வாரத்துக்கு மூன்று நாள் பளு தூக்குதல். பளு தூக்குவது டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும் என்று பலர் சொல்வார்கள். ஏறுகிறதுதான், ஆனால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், அதனால் பெரிய பயன் இல்லை. தசைக்கு அதனால் கிடைக்கும் பலம்தான் பயன், அது ஹார்மோன் எந்த அளவில் இருந்தாலும் கிடைக்கும். முதல் மாதம் பளுவே இல்லாமல் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும்தான். ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூட்டைக் கெடுத்துக்கொள்ளாமல் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று என் பயிற்சியாளர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்துக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பதினான்கு மாதத்தில் 11 கிலோ குறைந்தது. இடுப்பு 96. சர்க்கரை சராசரி 5.7. காலை வெறும் வயிற்று டெஸ்டோஸ்டிரோன் 396.

நடுவில் ஒரு தடவை மனம் தளர்ந்து, ஊசியே போட்டுக்கொள்கிறேனே என்று கேட்டேன். ஆறாம் மாதம் அது. எடை நகராமல் நின்றுவிட்டது. சர்க்கரை வரும் நிலையில் இருந்த அல்லது புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்ட 1,007 ஆண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டினேன். எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம் கொடுத்து, பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசியும், மீதிப் பேருக்கு வெறும் மருந்தில்லா ஊசியும் போட்டார்கள். இரண்டு வருட முடிவில் நீரிழிவு இருந்தவர்கள் ஊசிக்காரர்களில் 12 சதவீதம், மற்றவர்களில் 21 சதவீதம். மருத்துவர் அதை மறுக்கவில்லை. அதே ஆய்வில் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குமேல் ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் 54 சதவீதத்தைத் தாண்டியதைக் காட்டினார். அந்த அளவைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிறது என்று சிகிச்சையை நிறுத்துவார்கள். "எடை குறைஞ்சே சரியாகுமான்னு இன்னும் ஆறு மாசம் பார்ப்போம். ஆகலைன்னா நானே எழுதித் தரேன்" என்றார். மறுக்காமல், அவசரமும் படாமல் அவர் சொன்ன அந்த வார்த்தை எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

ஊசியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் நெருங்கிய நண்பன் ஒருவனுக்கு நடந்ததைப் பார்த்தவன் நான். அவனுக்கு 47 வயது. ஒல்லியான உடம்பு, நன்றாகத் தூங்குவான். ஆனால் நாட்டம் போய், தாடி வளர்வது மந்தமாகி, அடிக்கடி தலைவலியும் வந்தது. என் கதையைக் கேட்டுவிட்டு, எடையைக் குறைத்தால் போதும்போல என்றான். "டேய், உனக்குக் குறைக்க என்னடா இருக்கு? போய் ரத்தம் குடு" என்று துரத்தினேன். டெஸ்டோஸ்டிரோன் 140, எல்ஹெச்சும் அடிமட்டத்தில், புரோலாக்டின் பல மடங்கு. எம்ஆர்ஐ ஸ்கேனில் பிட்யூட்டரியில் சிறிய கட்டி தெரிந்தது. புற்றுநோய் இல்லை. புரோலாக்டினைக் குறைக்கும் காபர்கோலின் மாத்திரையிலேயே கட்டி சுருங்கியது, டெஸ்டோஸ்டிரோனும் தானாக ஏறியது. அவனுக்கும் யாராவது ஒரு எண்ணை மட்டும் பார்த்து ஊசி போட்டிருந்தால், சோர்வு கொஞ்சம் அடங்கியிருக்கும், கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். தலைவலி, பக்கப் பார்வை குறைவது, மார்பு வீங்குவது, விந்தகம் சுருங்குவது, உடல் முடி உதிர்வது, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

உறவில் ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 36 வயது. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொல்லி ஒரு வருடம் ஊசி போட்டுக்கொண்டான். குழந்தை வேண்டும் என்று மருத்துவரிடம் போனபோது விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் ரத்தத்தில் வேண்டிய அளவு இருக்கிறது என்று மூளை நினைத்து உத்தரவை நிறுத்திவிடும். விந்தகம் சுருங்கும், விந்தணு உற்பத்தி நிற்கும். உலக சுகாதார நிறுவனம் வாராந்தர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்து 1990-இல் முடிவை வெளியிட்டிருக்கிறது. அவனுக்கு எண்ணிக்கை திரும்ப ஒரு வருடமானது. அந்த ஒரு வருடம் அந்த வீட்டில் இருந்த மௌனத்தை நான் நேரில் பார்த்தேன். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருப்பவர்கள் இந்த ஊசிப் பக்கமே போகக் கூடாது. அவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

தேவைப்படுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 65 வயதுக்கு மேற்பட்ட, எண் குறைந்த 790 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2016-இல் வந்தது. ஒரு வருடம் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைத் தோலில் தடவியவர்களுக்கு நாட்டமும் உடலுறவும் ஓரளவு மேம்பட்டன. ஆனால் சுறுசுறுப்பு கூடும் என்று எதிர்பார்த்தார்களே, அதில் முக்கிய அளவுகோலின்படி பலன் தெரியவில்லை. 2023-இல் வந்த இன்னொரு ஆய்வு, இதய நோய் உள்ள அல்லது வரக்கூடிய 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் ஜெல்லால் கூடவில்லை என்பது நிம்மதி. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும், நுரையீரலில் ரத்தக்கட்டியும் கொஞ்சம் கூடுதலாக இருந்தன. எலும்பு பலமாகும் என்று நினைத்தால், எலும்பு முறிவுகளும் கூடுதலாகத்தான் இருந்தன. ஆகவே தொடங்குகிறவர்கள் சிவப்பணு விகிதம், புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம் மூன்றையும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெல் தடவுகிறவர்கள் கையைக் கழுவி, தடவிய இடத்தைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். குழந்தைகள்மேலும் பெண்கள்மேலும் பட்டால் அவர்கள் உடம்பிலும் ஏறிவிடும்.

ஹார்மோனைக் கூட்டும் என்று விற்கும் பொடிகள், மாத்திரைகள் பக்கம் நான் போகவில்லை. இந்த ஆசை ரொம்பப் பழசு. 1889-இல் பிரௌன் செக்கார்ட் என்ற பெயர்பெற்ற உடலியல் அறிஞர், 72 வயதில், நாய், கினிப்பன்றி இவற்றின் விந்தகச் சாற்றைத் தனக்கே ஊசியாக ஏற்றிக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் வேலை செய்யும் அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க வழியே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை; நம்பிக்கை அவரை அப்படி உணர வைத்தது. அவரைப் படித்தபோது எனக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. அந்தக் கிளினிக்கில் என் கண் கலங்கியதும் இதே ஆசையில்தான்.

இப்போது எப்படி இருக்கிறேன்? காலை விறைப்பு சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. விறைப்புக்கு இதய மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தேவைப்படும்போது ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது, அதனால் கேட்காமல் யாரும் வாங்காதீர்கள். முப்பது வயது உடம்பு திரும்பவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. பெட்டியை நானே இறக்குகிறேன். ராத்திரி பத்து மணிவரை படிக்கிறேன். விளக்கை அணைத்த பிறகு நானும் என் மனைவியும் பேசிக்கொள்கிறோம். உடம்பு ஒத்துழைக்காத நாளில் "இன்னைக்கு முடியலம்மா" என்று என்னால் சொல்ல முடிகிறது. அவள் அதைத் தன்மேல் போட்டுக்கொள்வதில்லை.

எண் மறுபடி இறங்கலாம். இறங்கி, அறிகுறிகளும் திரும்பினால் ஜெல்லைப் பற்றி யோசிப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. காலை எட்டு மணி, வெறும் வயிறு. மனைவியும் கூட வருகிறாள்.